முந்திரிக்கொட்டைக்கு உள்ள மரியாதை

போன செவ்வாய்க்கிழமை மெடிக்கல் ஷாப்பில் ஒரு சண்டை போட்டேன். தோற்றும் போனேன்.

நான் போனது தலைவலி மாத்திரைக்கு. எனக்கு முன்னால் ஒரு அம்மா நின்றிருந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை, பைக்குள் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. "அண்ணாச்சி, தள்ளிப்போடுத மாத்திரை ஒரு அஞ்சு நாளைக்குக் குடுங்க. மூத்த மவளுக்கு" என்றார். அண்ணாச்சி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார், அட்டையை வெட்டினார், பழுப்புக் கவரில் போட்டு நீட்டினார். கடலை மிட்டாய் எடுத்துக் கொடுக்க இதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும்.

எதைத் தள்ளிப்போடுகிற மாத்திரை என்று பெண் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்... மாதவிலக்கை. வீட்டில் விசேஷம், கோயில் கொடை, கல்யாணம் என்று நாள் குறிக்கிறவர்கள் எங்கள் உடம்பைக் கேட்டா குறிக்கிறார்கள்?

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏம்மா, இதை டாக்டர் எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டேன். அந்த அம்மா 'உனக்கென்ன வந்தது' என்பதுபோல் பார்த்தார். நான் அண்ணாச்சியிடம் திரும்பினேன். "சீட்டு இல்லாம இதையெல்லாம் குடுக்கலாமா?" குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

அண்ணாச்சி நிதானமாகக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நீங்களே ரெண்டு மாசம் முன்னால ஏழு நாளைக்கு வேங்கிட்டுப் போனியளே மேடம். அப்ப நான் சீட்டு கேட்டனா? நீங்கதான் தந்தியளா?"

கடையில் நின்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். தலைவலி மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணாச்சி சொன்னது முழுக்க உண்மை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

புது வீட்டு அடுப்பங்கரையைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது கிடக்கட்டும். அந்த அடுப்பில் முதன்முதலில் பால் காய்ச்சியவளைப் பற்றி எழுதுகிறேன். என் நாத்தனார் செல்வி. அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மைனி, பேரை மட்டும் மாத்திக்கிடுங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் அண்ணியை மைனி என்போம். மாற்றியாகிவிட்டது.

செல்விக்கு முப்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. கப்பலில் வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதமெல்லாம் முடித்து வெளியே எடுத்துக் கொடுக்கிற ஆபீஸ். இவள் பார்ப்பது முந்திரிக்கொட்டை. ஆப்பிரிக்காவிலிருந்து தோலோடு வரும். கன்டெய்னரைத் திறந்து சாம்பிள் எடுத்து, சீல் வைத்து, பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சாம்பிள் எடுக்கும்போது ஆபீஸ் சார்பாகக் கூட நிற்பது செல்விதான். நாலு வருடம் முன்னால் கல்யாணம். கணவர் மாரி கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். குழந்தை இன்னும் இல்லை.

செல்வி எப்போதும் மாஸ்க் போட்டிருப்பாள். கொரோனா போய் இத்தனை வருடம் ஆகியும் கழற்றவில்லை. யாராவது கேட்டால், "கரித்தூசி" என்பாள். துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிற நாளில் வெள்ளைச் சட்டை போட்டுப் போனவர்களுக்குத் தெரியும், அந்தப் பதிலை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நானும் சந்தேகப்படவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட டீ குடிக்க மட்டும்தான் இறக்குவாள். அதையும் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு.

தாடையில் முடி. பத்தொன்பது வயதில் இரண்டே இரண்டு முளைத்ததாம். பிறகு மெல்ல மெல்ல மேல் உதடு, கன்னத்து ஓரம், கழுத்து. முதலில் பார்லரில் த்ரெடிங். பிறகு தினமும் விடிகாலையில், வீட்டில் யாரும் எழுமுன், பாத்ரூமில் ரேசர். அதில் கொப்புளம், கொப்புளத்தின் மேல் மறுபடி ரேசர்.

"கொரோனா சமயத்துல ஊரே பயந்து கெடந்துச்சு. எனக்கு அந்த ரெண்டு வருசந்தான் மைனி நிம்மதி. எல்லாரும் மூஞ்சிய மூடிட்டுல்லா திரிஞ்சாவ" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

துறைமுகத்துக்குள் நுழைய வைத்திருக்கிற கேட் பாஸைப் புதுப்பிக்கப் போன இடத்தில் போட்டோவுக்காக மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் திரையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அன்றைக்குத்தான் செல்வி டாக்டரிடம் போவதென்று முடிவு செய்தாள். பதின்மூன்று வருடம் கழித்து.

ஊரில் ஒரு கிளினிக். பெயர் வேண்டாம். டோக்கன் நாற்பத்திமூன்று. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே போனதும், "மாஸ்க்கைக் கழட்டும்மா." ஒரு பார்வை. "ஹார்மோன் பார்த்துரலாம்." பேனா ஓடியது. எப்போது தொடங்கியது, திடீரென்று வந்ததா, மெதுவாக வந்ததா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, குரல் ஏதும் மாறியதா, வேறு மாத்திரை சாப்பிடுகிறாயா... எதுவும் இல்லை. ஹார்மோன் பேக்கேஜ் என்று எழுதி நீட்டிவிட்டு மணியை அடித்தார். நாற்பத்திநாலு உள்ளே வந்தாயிற்று.

இந்த இடத்தில்தான் நான் நுழைகிறேன்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை, துறைமுகத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துவிடக்கூடிய எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டையில், எங்கள் புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. எங்கள் பக்கத்தில் அண்ணன் வீட்டுக்குத் தங்கைதான் பால் காய்ச்ச வேண்டும். அவள் அடுப்பைப் பற்றவைத்து, பால் பொங்கி வழிந்த பிறகுதான் மற்றதெல்லாம். இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே செல்வி போன் செய்தாள். "மைனி, எனக்குத் தேதி அந்த வெள்ளிக்கிழமைய ஒட்டித்தான் வருது. வேற யாரையாவது காய்ச்சச் சொல்லுங்களேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அதனால் என்ன, நீயே வந்து காய்ச்சு' என்று சொல்லியிருக்க வேண்டும். தீட்டாவது கத்தரிக்காயாவது என்று இதே பத்தியில் வரிந்து கட்டிக்கொண்டு எழுதியவள் நான். நீங்களும் எத்தனை பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்.

நான் சொன்னது இது. "ஒனக்குப் பதிலா நான் யாரைப் போயி நிறுத்த? சொந்தக்காரங்க நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. ஒரு மாத்திரை போட்டாத் தீருத காரியம். நான் வாங்கித் தாரேன்."

வாங்கியும் கொடுத்தேன். திங்கட்கிழமையிலிருந்து ஏழு நாள், தினம் மூன்று வேளை. அண்ணாச்சி கத்தரிக்கோலால் வெட்டித் தந்தார்.

செல்விக்கு வியாழனும் வெள்ளியும் லீவு. வியாழன் காலையில் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுமுன், லீவு வீணாகக் கூடாதென்று லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த ஃபாரத்தில் இருந்தது பெயர், வயது, ஆணா பெண்ணா, போன் நம்பர். ஊசி குத்திய பெண் கேட்டது ஒரே கேள்வி. "சாப்பிட்டாச்சா?"

வெள்ளிக்கிழமை பால் அழகாகப் பொங்கியது. செல்வி பட்டுச்சேலையில், மாஸ்க் இல்லாமல், முகத்துக்கு நன்றாகப் பவுடர் போட்டு நின்றாள். போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறோம்.

சனிக்கிழமை மதியம் ரிப்போர்ட் போனில் வந்தது. டெஸ்டோஸ்டீரோன் என்ற வரிக்கு எதிரில் சிவப்பு அம்புக்குறி. இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சாயங்காலம் அதே கிளினிக், அதே டாக்டர். "ஆம்பளை ஹார்மோன் இவ்வளவு ஏறியிருக்குன்னா கட்டியா இருக்கலாம்மா. ஓவரிலயோ வேற இடத்துலயோ. ஓவரிய எடுக்க வேண்டி வரலாம். ஸ்கேன் எடுத்துட்டு மதுரைக்குப் போயிப் பாருங்க." நாலு நிமிடம் என்றாள் செல்வி. ஸ்கேனும் எடுத்தாயிற்று. அதில் ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷப்பட விட்டாரா? "சின்னதா இருந்தா ஸ்கேன்ல தெரியாது" என்றாராம்.

குழந்தைக்காக ஏங்குகிறவளிடம் ஓவரியை எடுக்க வேண்டி வரும் என்று சொல்ல நாலு நிமிடம் போதுமா? இன்னொரு தடவை பார்ப்போம் என்றுகூடத் தோன்றாதா ஒரு மனிதருக்கு?

அன்று ராத்திரி செல்வி மாரியிடம் சொன்னாள். மாரி அவர் அம்மாவிடம் சொன்னார். மறுநாள் காலை, செல்வி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, மாமியார் வாசலில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது.

"பொம்பளைன்னு நெனச்சுல்லா கெட்டி வச்சோம். ரிப்போட்டுல ஆம்பளைன்னு வந்துருக்காம்."

செல்வி கையைத் துடைத்தாள். இரண்டு சேலை, ரேசர், கேட் பாஸ், அந்த ரிப்போர்ட். டவுன் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெயின்ட் வாசம் போகாத அறையில் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அந்த வார்த்தையைச் சொல்லியே தீர வேண்டும். ஆம்பளை ஹார்மோன். யார் வைத்த பெயர் இது? இந்த ஹார்மோன் ஒவ்வொரு பெண்ணின் ரத்தத்திலும் இருக்கிறது. என் ரத்தத்தில், உங்கள் ரத்தத்தில், செல்வியின் மாமியார் ரத்தத்தில். குழம்பில் உப்பு இருப்பதுபோல இருக்கிறது. அதைப் போய் ஒரு டாக்டர், கதவு திறந்திருக்கும்போது, அடுத்த டோக்கன் காதில் விழும்படி 'ஆம்பளை' என்கிறார். வீட்டில் பேச ஆள் இருக்கும்போது இது போதாதா? கொஞ்சம் கூடியிருக்கிறது என்று சொன்னால் வாய் வலிக்குமா?

மாரி போன் செய்தார். ஓசூர் பக்கம் எங்கோ லாரியை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். "அம்மா பேசினத மனசுல வைக்காத செல்வி." சரி, நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போன். "ஆபரேசன் பண்ணிட்டா... பிள்ளை எப்படி?" செல்வி போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் பேசியதை இங்கே அச்சிட மாட்டார்கள்.

அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், மதுரையில் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சாமிக்கெல்லாம் நான் நேர்ந்துகொண்டேன். செல்வி மட்டும் தினமும் வேலைக்குப் போனாள். "வீட்ல இருந்தா கிறுக்குப் புடிச்சிரும் மைனி" என்றாள்.

இப்படியே ஒன்பது நாள் போயிற்று.

பத்தாவது நாள் மதியம் இரண்டு மணிக்கு, கன்டெய்னர்களை இறக்கி வைக்கிற யார்டிலிருந்து செல்வி போன் செய்தாள். பின்னால் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் சத்தம். நான் இட்லிக்கு அரிசி ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மைனி, நான் ரத்தம் குடுத்த அன்னைக்கு, நீங்க தந்த மாத்திரைல எத்தனை போட்டிருந்தேன்?"

எண்ணிப் பார்த்தேன். திங்கள், செவ்வாய், புதன், மும்மூன்று. வியாழன் காலை ஒன்று. "பத்து இருக்கும். ஏன்ளா?"

அன்றைக்கு நடந்தது இது. ஒரு கன்டெய்னர் முந்திரிக்கொட்டை வந்திருக்கிறது. சாம்பிள் எடுத்து, சீட்டு எழுதி அனுப்பியாயிற்று. பரிசோதிக்கிற இடத்திலிருந்து பையைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன காரணம்? சீட்டில் ஒரு கட்டம் காலி. ஃபியூமிகேஷன் கட்டம். பூச்சி வராமலிருக்க கன்டெய்னருக்குள் புகை போடுவார்கள் அல்லவா, அது போட்டதா, எதைப் போட்டது, என்றைக்குப் போட்டது என்று அதில் எழுத வேண்டும். "இது தெரியாம டெஸ்ட் பண்ணி என்ன வந்தாலும் அந்த ரிசல்ட்டுக்கு அர்த்தமே கிடையாது. கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டாராம் அங்கே இருந்தவர்.

செல்வி யார்டில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து அந்தச் சீட்டைத் திரும்ப எழுதியிருக்கிறாள். எந்தக் கப்பல், எந்த கன்டெய்னர், சீல் நம்பர், எந்த மூட்டை, மேல் வரிசையா அடி வரிசையா, எடுத்த தேதி, எடுத்த நேரம், அன்று மழையா, புகை போட்டதா...

"பதினாலு கேள்வி மைனி. நான் எண்ணிப் பாத்தேன். பதினாலு. ஒரு மூட்டை முந்திரிக்கொட்டைக்கு. எங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாவ. சாப்பிட்டாச்சான்னு." பிறகு கேட்டாள். "ஹார்மோன் பாக்கதுக்குத்தான ரத்தம் குடுத்தேன். நீங்க தந்ததும் ஹார்மோன் மாத்திரைதான மைனி?"

அரிசிப் பாத்திரத்தை நழுவ விட்டேன். அரிசி, தண்ணீர் எல்லாம் தரையில்.

மறுநாளே திருநெல்வேலிக்குப் போனோம். ஹார்மோனுக்கென்றே பார்க்கிற ஒரு பெண் டாக்டர். செல்வி வயதுதான் இருக்கும். அவர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினார், படிக்காமல் மேசையில் கவிழ்த்து வைத்தார். "அது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க" என்றார். எப்போது தொடங்கியது? மெதுவாகவா, ரெண்டு மூணு மாசத்தில் குப்பென்றா? குரல் கட்டையானதா? தலைமுடி கொட்டுகிறதா? மாதம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? வீட்டில் அம்மாவுக்கோ சித்திக்கோ இப்படி உண்டா? ரத்தம் எடுத்தது மாதவிலக்கு கணக்கில் எத்தனையாவது நாள்? கடைசியாகக் கேட்டார். "அந்த சமயத்துல ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா? முடிக்கு, தோலுக்கு, எதுக்காவது?"

செல்வி சொன்னாள். டாக்டர் தலையை நிமிர்த்தினார். மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். "இது யார் குடுத்தாங்க?"

"மெடிக்கல்ல வாங்குனது டாக்டர்" என்றாள் செல்வி. என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பத்து ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தவள், அந்த நேரத்திலும் மைனி மானம் போகக் கூடாதென்று நினைத்தாள்.

"நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சில லேப் மெஷின்களுக்கு அந்த மாத்திரையின் மருந்துக்கும் டெஸ்டோஸ்டீரோனுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் காட்டிவிடும் என்று விளக்கினார். செல்விக்கு உண்மையிலேயே எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்லவே முடியாது என்றார். "பதிமூணு வருஷமா மெதுவா வந்திருக்கு. குரல் மாறல. கட்டின்னு முதல்லயே பயப்பட வேண்டிய மாதிரி இல்ல. ஆனா சரியா டெஸ்ட் பண்ணாம இல்லைன்னும் நான் சொல்ல மாட்டேன். அடுத்த பீரியட்ஸ் வந்ததும் மூணாவது நாள், காலையில எட்டு மணிக்கு வாங்க. அதுவரைக்கும் கடை மாத்திரை ஒண்ணும் கூடாது."

இருபது நிமிடம் பேசினார். அதில் பதினைந்து நிமிடம் கேள்வி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்தக் கேள்விகளுக்கு எந்த மெஷினும் வேண்டாமே. வாயும் பொறுமையும்தானே வேண்டும். இதைக் கேட்காததால்தானே ஒருத்தி பத்து நாள் செத்துப் பிழைத்தாள்.

நான் டாக்டர் இல்லை. இதை வைத்து யாரும் வைத்தியம் செய்துகொள்ளாதீர்கள். முடி லேசாக இருந்து, மாதாமாதம் ஒழுங்காக வந்தால் எல்லோருக்கும் இந்த டெஸ்ட் வேண்டியதில்லையாம். ஆனால் நிறைய இருந்தாலோ, மாதவிலக்கு தப்பினாலோ பார்க்கத்தான் வேண்டுமாம். திடீரென்று முளைத்து வேகமாகப் பரவினாலோ, குரல் தடித்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதாம். அதையும் டாக்டர் சொன்னார். தள்ளிப்போடாதீர்கள் என்றபோது என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. என் குற்ற மனசாகவும் இருக்கலாம்.

இரண்டரை வாரம் காத்திருந்தோம். மூன்றாவது நாள், காலை எட்டு மணி, திருநெல்வேலி. இந்தத் தடவை டெஸ்டோஸ்டீரோனை வேறு முறையில், துல்லியமாகப் பார்க்கிற இடத்துக்கு அனுப்பினார். கூடவே தைராய்டு, பால் சுரக்கும் ஹார்மோன், பிறவியிலேயே வருகிற ஏதோ ஒரு குறைபாடு இருக்கிறதா என்றும் பார்த்தார்.

ரிப்போர்ட் வந்தது. உச்ச அளவைவிட ஒரு முடி அளவு கூடுதல். அவ்வளவுதான். மற்றதெல்லாம் சரி. கட்டியும் கிடையாது, ஓவரியை எடுக்கவும் வேண்டாம். எத்தனையோ பெண்களுக்கு இருப்பதுதான், மருந்து இருக்கிறது, முடி குறைய ஆறு மாதமாவது ஆகும், குழந்தைக்கு முயற்சி செய்வதென்றால் முதலிலேயே சொல்லுங்கள், அதற்குத் தகுந்த மருந்து தருகிறேன் என்றார் டாக்டர். செல்வி தலையை மட்டும் ஆட்டினாள்.

நான்? பஸ் ஸ்டாண்டிலேயே போனை எடுத்துவிட்டேன். அவள் அண்ணனுக்கு, மதுரை ஓரகத்திக்கு, சென்னைச் சித்திக்கு, மாரிக்கு. "நார்மல், எல்லாம் நார்மல்." புதுக்கோட்டை வந்து சேரும்வரை அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். செல்வி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரியிடம் சொன்னால் அவர் அம்மாவிடம் சொல்லாமல் இருப்பாரா? போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். அந்த அம்மா கையில் ஒரு டப்பா மக்ரூன், முந்திரியில் செய்கிற இனிப்பு. எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக மாட்டார்கள். மக்ரூன் இருக்கும்.

"நார்மலாமே செல்வி. எனக்கு அப்பவே தெரியும். என் மருமவளுக்கு ஒண்ணுஞ் செய்யாதுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன், வேணும்னா இவன்ட்ட கேளு. கெளம்புளா, வீட்டுக்குப் போவோம்."

செல்வி அன்று வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கப்பலுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கழுத்தில் கேட் பாஸ், கையில் சாம்பிள் சீட்டுக் கட்டு. மாஸ்க் போடவில்லை. தாடையில் இரண்டு நாள் முடி தெரிந்தது. டாக்டர் தோல் ஆறட்டும் என்று ரேசரை நிறுத்தச் சொல்லியிருந்தார். மாமியார் அதைப் பார்த்தார், சட்டென்று டப்பாவைப் பார்த்தார்.

"நார்மல் இல்லாம இருந்துருந்தா அத்தை?" என்றாள் செல்வி.

"என்னளா?"

"கட்டியாத்தான் இருந்துருந்தா? எடுக்கத்தான் வேணும்னு சொல்லிருந்தா? இன்னைக்கு வந்துருப்பியளா?"

"அதான் இல்லன்னு ஆயிட்டுல்லா. ஆகாததப் போயி எதுக்குப் பேசணும்?"

"நான் கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க அத்தை."

குரலை உயர்த்தவில்லை. யார்டில் சீட்டு எழுதும்போது இப்படித்தான் கேட்பாள் என்று நினைக்கிறேன். கட்டம் நிரம்பாமல் அடுத்ததற்குப் போக மாட்டாள். அந்த அம்மா மகனைப் பார்த்தார். மாரி வாசலில் கழற்றிய செருப்பைப் பார்த்தார்.

நான் நடுவில் புகுந்து நன்றாக நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஐந்து வாரமாகச் சேர்த்து வைத்திருந்தேன், ஒவ்வொரு வார்த்தையாக. பிறகுதான் அந்த பஸ் பயணம் ஞாபகம் வந்தது. நார்மல், நார்மல் என்று ஊரெல்லாம் கூவிக்கொண்டு வந்தது யார்? நார்மலாக இல்லாமல் இருந்திருந்தால் நான் யாருக்குப் போன் செய்திருப்பேன்? என்னவென்று சொல்லியிருப்பேன்? பால் காய்ச்ச வந்தவளை இருக்கிறபடியே அடுப்பு முன்னால் நிறுத்த எனக்கே துணிவு வரவில்லை. இதில் நான் அந்த அம்மாவை என்ன கேட்க?

மக்ரூன் டப்பாவை வாங்கி அடுப்பங்கரையில் வைத்தேன்.

செல்வி சாம்பிள் சீட்டுக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "பத்து மணிக்கு கன்டெய்னர் திறக்காவ. நான் போயிட்டு வாரேன் மைனி" என்று என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது மாரியிடம், "பதில் கெடச்சா சொல்லுங்க, அப்புறம் வாரேன்" என்றாள்.

இதை எழுதும்போது இன்று வியாழக்கிழமை. செல்வி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் ஒரு டப்பா மக்ரூன் நாலு நாளாகப் பிரிக்காமல் இருப்பது இதுதான் முதல் தடவை.